வெட்டாத பதினொரு வினாடிகள்

ஜூன் 6

என் அக்கா பெற்றெடுத்த ஒரே திருமகளும், பெரிய நிறுவனத்தின் எட்டாவது மாடியைத் தலையில் தாங்கி நிற்பவளும், பதினான்கு பேரை மேய்க்கும் மேலாளருமான மருமகளின் சமூகத்துக்கு, இரண்டு காதுகளைத் தவிர வேறு சொத்தில்லாத மாமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமா என்று போனில் கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன். காகிதத்துக்குக் கட்டைவிரலைக் காட்ட முடியாது பார்.

இந்த வாரம் உனக்கு ஏழு முறை போன் செய்தேன். ஏழு முறையும் "நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார்" என்று ஒரு பெண் பேசினாள். அவளோடு எனக்கு இப்போது நல்ல பழக்கம். இன்னும் இரண்டு முறை அடித்தால் தன் கல்யாணத்துக்கே என்னை அழைத்துவிடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மருமகளே, நீ கையும் களவுமாக மாட்டிக்கொண்டாய்.

வானொலி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஒலிப்பதிவு செய்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். எறும்பு தும்மினால் அதற்குச் சளி எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய காது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போக, வீட்டு ஃப்ரிட்ஜின் ஸ்ருதியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அத்தை ஒருநாள், "எங்கயாவது போய் உருப்படியா எதையாவது கேளுங்க, என் உயிரை வாங்காதீங்க" என்று துரத்தினாள். பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் போய்ச் சேர்ந்தேன். நாலு மாதமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சேவை செய்கிறேன் என்று சொன்னால் என்னை யாரும் நம்பமாட்டார்கள், அந்த அளவுக்கு என் புகழ் பரவியிருக்கிறது.

அங்கே வேலை இப்படி. எங்கெங்கோ இருக்கிற தன்னார்வலர்கள் பாடப்புத்தகங்களைத் தங்கள் போனில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். எங்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். வாசிக்கும்போது தப்பு வந்தால் ஒருமுறை பலமாகக் கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். கைதட்டல் கணினித் திரையில் தென்னைமரம் மாதிரி உயர்ந்து தெரியும். நான் அந்த மரத்தைப் பார்த்து, தப்பை வெட்டி, மீதியை ஒட்டுவேன்.

போன மாதம் புவியியல் புத்தகம் ஒன்று வந்தது. வாசகர் எண் இருபத்தேழு. "அத்தியாயம் ஒன்று, புவியின் மேலோடு" என்று ஆரம்பித்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாம் வகுப்பில் பாட்டு ஒப்பிக்கும்போது வாக்கியத்தின் நடுவில் ஒரு மூச்சைத் திருடி இழுப்பாயே, அதே திருட்டு மூச்சு. என் மருமகள் திருட்டுத்தனமாகத் தருமம் செய்கிறாள்! உன் அம்மாவிடம்கூட நீ சொல்லவில்லை. எனக்குப் பெருமையில் நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்துப்போனது. உன் அத்தை அது சாப்பாட்டினால் என்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுப் போனால் இரவு எட்டரைக்குத் திரும்புகிறாய் என்றும், சனிக்கிழமையும் மடிக்கணினி மடியிலேயே கிடக்கிறது என்றும் உன் அம்மா புலம்புகிறாள். அப்படியானால் இதை எப்போது வாசிக்கிறாய்? முதல் மூன்று அத்தியாயங்களில் உங்கள் வீட்டு மின்விசிறியும், பக்கத்தில் யாரோ சுவரில் துளை போடுகிற சத்தமும் இருந்தன. நான்காவதிலிருந்து அந்தச் சத்தங்கள் இல்லை. கதவை அடைத்த கார். கார் என்பது சின்ன ஒலிப்பதிவு அறை மாதிரி, நல்ல யோசனைதான். ஆனால் ஆறாவதில் இண்டிகேட்டர் டிக் டிக் என்கிறது. ஒரு லாரி வேறு வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது.

பயப்படாதே, லாரியைத் துடைத்துவிட்டேன். எரிமலைப் பாடத்தில் லாரி வருவது பாடத்திட்டத்தில் இல்லை. இப்போது கேட்டால் நீ மலை உச்சியில் தனியாக உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். அவ்வளவு சுத்தம். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக எதையும் வெட்டியதில்லை.

சாப்பிடு, தூங்கு, என்னை மதித்து ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
எறும்புத் தும்மல் ஆராய்ச்சியாளரும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான
மாமா


ஜூலை 11

சிக்கனத்தின் சிகரமான மருமகளுக்கு மாமன் வணக்கத்துடன் எழுதுவது. நான் அனுப்பிய மூன்று பக்கக் கடிதத்துக்கு நீ போனில் அனுப்பிய பதிலை உன் அத்தைக்கு ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். "மாமா நீங்களா!! சத்தியமா எதிர்பார்க்கல. சிக்னல்ல நிக்கறப்ப மட்டும்தான் வாசிக்கறேன். அம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க." இதில் இரண்டு ஆச்சரியக்குறிகளுக்குப் பதில் இரண்டு வாக்கியம் போட்டிருக்கலாம்.

போட்டுக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் பேச்சு வாக்கில் விசாரித்தேன். பக்கத்து வீட்டில் மாடி எழுப்புகிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை என்றார். முன்பெல்லாம் அலுவலகத்தின் அடித்தளத்தில் காரை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மேலே போவாளாம், எதற்கென்றே தெரியாது, இப்போது கூட்டம் எட்டரை மணியிலிருந்து ஏழே முக்காலுக்கு வந்துவிட்டதால் அதுவும் போச்சு என்றார். நல்ல மனிதர். நீ அடித்தளத்தில் உட்கார்ந்து தியானம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, அந்த முக்கால் மணி நேரம் சாலைக்கு வந்துவிட்டது. சிக்னலில் மட்டும் என்று நீ சொன்னதை நம்பினேன். மாமன் நம்புவான், காது நம்பாது. மருமகளே, நிற்கிற கார் ஒரு மாதிரி முனகும், ஊர்கிற கார் வேறு மாதிரி முனகும். பத்தாவது அத்தியாயத்தில் நீ ஒரு பக்கம் முழுவதையும் ஊர்ந்துகொண்டே வாசித்திருக்கிறாய். பன்னிரண்டாவதில் ஊரவில்லை, ஓடுகிறாய். புத்தகம் எங்கே இருக்கிறது? ஸ்டீயரிங்கின் மேலா? பக்கம் திருப்பும்போது தாள் எதிலோ உரசுகிறது.

அதுவும் போகட்டும். போன வெள்ளிக்கிழமை ஒரு காரியம் நடந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் "வண்டல்" என்பதை "மண்டல்" என்று வாசித்துவிட்டாய். உடனே, ஒழுங்கான பிள்ளையாக, விதிப்படி ஒரு கைதட்டு. திரையில் தென்னைமரம். வழக்கம்போல வெட்டக் கையை வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். கார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, கைதட்டலும் கேட்கிறது. கைதட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?

அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் ஒன்பது மரங்கள் எண்ணினேன்.

அன்று மத்தியானம் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, சாப்பாட்டு மேசை முன்னால் நாற்காலியைப் போட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்து, அதன் மேல் டெலிபோன் டைரக்டரியை விரித்து வாசித்தேன். உன் அத்தையை எதிரே வரும் பஸ்ஸாக நிறுத்தினேன். அந்த வேடத்துக்கு அவளைவிடப் பொருத்தமானவர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று சொன்னதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலாவது பெயரில் தப்பு விட்டேன், கைதட்டினேன். தட்டு கீழே விழுந்து மூலைவரை உருண்டு போனது. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டாள். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை எடுக்கக்கூட இரண்டு பேரும் குனியவில்லை.

நியாயமாக நான் உடனே அந்தப் பதிவுகளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நூலகத்தை நடத்துகிற அம்மாளிடம் ஜாடையாகப் பேச்சைத் தொடங்கினேன். அவர் முந்திக்கொண்டு, "இருபத்தேழு இல்லேன்னா அந்தப் பொண்ணு பரீட்சையே எழுத முடியாதுங்க. வேற யாரு இவ்வளவு தெளிவா வாசிக்கறாங்க?" என்றார். ஆகஸ்ட் மாதம் ஒரு பெண் இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் தேர்வு எழுதப் போகிறாள். உன் குரலைப் போட்டுக்கொண்டுதான் பல் விளக்குகிறாளாம். நானே வாசிக்கிறேன் என்று மாதிரிக்கு ஒரு பக்கம் பதிவு செய்து கொடுத்தேன். கேட்டுவிட்டு, "அந்த சார் வாசிச்சா எரிமலை எனக்குப் பக்கத்துலயே வெடிக்குது, பாடம் மட்டும் ஏறல" என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

அதனால் ஒன்பது மரங்களையும் வெட்டினேன். ஹாரன்களைத் துடைத்தேன். அனுப்பிவிட்டேன்.

இப்போது கெஞ்சுகிறேன், மாமன் கெஞ்சுவதை நீ பார்த்ததில்லை, பார்க்க லட்சணமாக இருக்காது. காரில் வாசிப்பதை நிறுத்து. நிறுவனத்தில் கேள். உன் படத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டி, அதன் கீழே "பணியும் சேவையும்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா, என்ன சேவை என்றே தெரியாமல், ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறாள். சுவரில் இடம் கொடுத்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கதவை அடைக்கிற மாதிரி ஓர் அறை கொடுக்கக்கூடாதா? ஏழே முக்கால் கூட்டத்தை மறுபடி எட்டரைக்குத் தள்ளக்கூடாதா? கேட்டால் மதிப்புக் குறையும் என்று நினைக்கிறாய். எல்லாம் தன்னால் முடிகிறது என்று காட்டுவதில் உனக்கு ஒரு போதை இருக்கிறது. எனக்குத் தெரியும், அது என் பக்கத்து ரத்தம்.

வரும் இருபத்து நான்காம் தேதி வேலையையும் சேவையையும் எப்படிச் சரியாகப் பங்கிடுவது என்று நானூறு பேர் முன்னால் பேசப் போகிறாயாமே. பேசு. ஆனால் அங்கே பஸ்ஸில் போ.

இப்படிக்கு,
தட்டு ஓட்டத் தெரியாத
மாமா


ஜூலை 26

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கு, உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். குட்டி பக்கத்தில் இல்லாதபோது படி. போனில் பேசியிருக்கலாம். பேசினால் நான் ஏதாவது ஜோக் அடிப்பேன், நீ சிரிப்பாய், இரண்டு பேரும் தப்பித்துவிடுவோம்.

உன் பேச்சின் வீடியோவை அம்மா அனுப்பினாள். மூன்று முறை பார்த்தேன். நீல நிறச் சட்டை, கையில் குறிப்பு எதுவும் இல்லை. "நேரம் கிடைக்கறதில்லைன்னு சொல்றவங்க, தேடாதவங்க" என்று நீ சொன்னதும் நானூறு பேரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் எழுந்தபோது நீ மேடையில் ஒரு அடி பின்வாங்கினாய். மற்றவர்களுக்கு அடக்கம் என்று தோன்றியிருக்கும். நீ பிறந்த நாளிலிருந்து உன் முகத்தை நான் பார்க்கிறேன்.

பதினைந்தாவது அத்தியாயத்தின் பதிவு அன்று சாயங்காலம் எனக்கு வந்தது. பதிவான நேரம் அதிலேயே இருக்கிறது. ஜூலை 24, காலை ஏழு இருபத்திரண்டு. நீ மேடையேறிய அதே நாள்.

முதலில் ஆறு நிமிடம் வழக்கம்போலப் போகிறது. கார் ஓடுகிறது. அதன் பிறகு இந்த வாக்கியம். "உருமாறிய பாறைகள் மிகுந்த அழுத்தத்தாலும் வெப்பத்தாலும்." அங்கே பிரேக். டயர் தேய்கிற சத்தம். ஒரு தொப்.

பிறகு பதினொரு வினாடி நீ பேசவில்லை.

அந்தப் பதினொரு வினாடியில் என்ன இருக்கிறது என்று எழுதுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிற வேலை எனக்கு மட்டும்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. உன் மூச்சு இருக்கிறது, இரண்டு முறை. இண்டிகேட்டர் இல்லை. வெளியே யாரோ ஒருவர் ஏதோ சொல்கிறார், கண்ணாடி ஏற்றியிருப்பதால் சொல் புரியவில்லை, நீளமான ஒரு "ஏ" மட்டும் கேட்கிறது. ஆணா பெண்ணா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எறும்பைப் பற்றிப் பெரிதாக அளந்தவனால் அதைச் சொல்ல முடியவில்லை. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது. மறுபடி அடிக்கிறது. உன் கார் நகர்கிறது. பிறகு நீ, அதே குரலில், "உருவாகின்றன" என்று வாக்கியத்தை முடிக்கிறாய். அடுத்த பத்திக்குப் போகிறாய். பளிங்கு, பலகைக்கல், எல்லாம் வாசிக்கிறாய். ஒரு தப்பும் இல்லை. இந்தப் புத்தகத்திலேயே நீ தப்பில்லாமல் வாசித்த பக்கங்கள் அவைதான்.

அந்தப் பதினொரு வினாடியில் எது இல்லை என்பதையும் எழுத வேண்டும். சீட் பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம் இல்லை. கார் கதவு திறக்கிற சத்தம் இல்லை.

நாற்பது தடவை கேட்டேன். அது வேகத்தடையாக இருக்கும் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். வேகத்தடையில் முன்சக்கரம் ஒருமுறை, பின்சக்கரம் ஒருமுறை என்று இரண்டு சத்தம் வரும். இது ஒன்று. அட்டைப்பெட்டியாக இருக்கலாம். லாரியிலிருந்து விழுந்த மூட்டையாக இருக்கலாம். சாலையில் தள்ளி வைக்கிற பிளாஸ்டிக் தடுப்பாக இருக்கலாம், அது உள்ளே காலியாக இருந்தால் இப்படித்தான் ஒலிக்கும். இன்னும் பதினைந்து இருபது பொருள்கள் சொல்வேன். இரண்டு நாளாக வீட்டில் இருக்கிறதையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அத்தை பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. நேற்று அந்த இடத்தை வெட்டினேன். பழக்கம்தான். இரண்டு விசை, அவ்வளவே வேலை. "அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருவாகின்றன." ஒட்டிக் கேட்டேன். எங்கே சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சாலை, அப்படி ஒரு காலை, அப்படி ஒரு சத்தம் உலகத்தில் இருந்ததற்கே அடையாளம் இல்லை. மலை உச்சியில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. வெட்டிய பதினொரு வினாடியை மறுபடி பழையபடி சேர்த்துவிட்டேன்.

இரண்டு மாதமாக இதைத்தானே செய்துகொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு நாளும் எங்கே இருந்து வாசித்தாய் என்று அந்த ஹாரன்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் துடைத்து, சுத்தமாக இருக்கிறது பார் என்று உனக்கே கடிதம் எழுதினேன். நூலக அம்மாள் கேட்டிருந்தால் முதல் வாரமே நிறுத்தியிருப்பார். அவர் காதுக்கு எதுவும் போகாமல் பார்த்துக்கொண்டது நான்தான். உன்னைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. அதனால் இந்தக் கடிதத்தில் திட்டு இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. இந்தப் பதிவை நீ கேட்காமலேயே அனுப்பிவிட்டாயா? அல்லது நான்தான் கேட்பேன் என்று தெரிந்து அனுப்பினாயா? இரண்டாவதாக இருந்தால், மருமகளே, கேட்டுவிட்டேன்.

இன்று காலை நூலக அம்மாளிடம், இருபத்தேழாம் எண்ணுக்கு உடம்பு சரியில்லை, மீதி மூன்று அத்தியாயங்களை நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தேர்வு எழுதும் பெண்ணுக்கு எரிமலை வெடித்தால் வெடிக்கட்டும். பொறுமையாக வாசிக்கப் பழகிக்கொள்கிறேன். இந்த ஒரு பதிவு மட்டும் என்னிடம் இருக்கிறது. உன் போனில் இருப்பதைத் தவிர வேறு பிரதி கிடையாது. இதை வெட்டமாட்டேன், அழிக்கவும் மாட்டேன். உன் மேல் கோபத்தால் இல்லை. அந்தப் பதினொரு வினாடியில் உன்னைத் தவிர வேறு ஒருவரும் இருந்திருக்கலாம் என்பதால்.

இனி நீ செய்ய வேண்டியது. காரை எடுக்காதே. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல், அவர் தியானம் என்று நினைத்ததையும் சேர்த்து. இரண்டு பேருமாகப் பஸ்ஸில் அந்த இடத்துக்குப் போங்கள். எந்த இடம் என்று உனக்குத் தெரியும். அங்கே கடை வைத்திருப்பவர்களிடம், புதன்கிழமை காலை ஏழரை மணி வாக்கில் இங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். அட்டைப்பெட்டி என்று சொன்னால் எனக்கு உடனே சொல்லியனுப்பு. கட்டைவிரல் படமே போதும். சாகும்வரை உன்னை அட்டைப்பெட்டி என்றே கூப்பிட்டு மானத்தை வாங்குவேன்.

அப்படிச் சொல்லாவிட்டால், ஏழே முக்கால் கூட்டத்துக்குப் போகாதே. காவல் நிலையத்துக்குப் போ. தனியாகப் போக வேண்டாம், வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அத்தையும் வருகிறோம். உனக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை நிற்கட்டும், இடப்பக்கம் நான் நிற்கிறேன். நீ பேச ஆரம்பித்து நடுவில் நிற்க நேர்ந்தால் நான் எடுத்துச் சொல்கிறேன். அங்கே ஜோக் அடிக்கமாட்டேன், அம்மா மேல் ஆணை.

அலமாரியிலிருந்து இரண்டு பேருக்கும் மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்கிறாள் அத்தை. எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நீ நலமாக இருக்க வேண்டும். உன்னோடு சேர்த்து, அந்தச் சாலையில் அன்று காலை நடந்துபோன எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மாமா